ஊசி படாத ஓரம்

வாரியம் கொடுத்த அங்கியை வெள்ளையம்மாள் தோளில் வைத்துப் பார்த்தபோது ஒரு சாண் துணி தரையில் கிடந்தது.

"இதைவிட கம்மியான அளவு இருக்குங்களா?" என்று எழுத்தரிடம் கேட்டாள்.

"எல்லாருக்கும் ஒரே அளவும்மா. மலை எல்லாருக்கும் ஒரே உயரம்தானே."

அவள் யோசித்துப் பார்த்தாள். ஜன்னல் வழியே அண்ணாமலை தெரிந்தது. அது எல்லோருக்கும் ஒரே உயரமாகத்தான் இருந்தது. எழுத்தர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாமல் அங்கியை மடித்துக் கையில் வாங்கிக்கொண்டாள்.

கழுத்துப் பட்டையின் உள்பக்கம் மையால் 84 என்று எழுதியிருந்தது. அது அவளுடைய எண். அதற்கு மேலே 61 என்று எழுதி அடித்திருந்தது. அதற்கும் மேலே 37. அதுவும் அடித்திருந்தது.

"இதை முன்னாடி யாரு போட்டுனு இருந்தாங்க?"

எழுத்தர் நல்ல மனிதர். அந்தக் கேள்வி காதில் விழாத மாதிரி இருந்துவிட்டு, பேரேட்டை அவள் பக்கம் திருப்பினார்.

"இங்க கையெழுத்து போடுங்க."

கிரிவலப் பாதைத் தோற்ற ஒழுங்கு வாரியத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மலையைச் சுற்றி நடக்கும் பக்தர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்காகத்தான் அது தொடங்கப்பட்டது. முதல் வருடம் முழுவதும் தண்ணீர் கொடுத்தார்கள். இரண்டாம் வருடம், தண்ணீர் கொடுப்பவர்கள் ஆளுக்கொரு நிறத்தில் உடுத்தியிருப்பது கண்ணுக்கு உறுத்துகிறது என்று யாரோ ஒரு பெரிய மனிதர் எழுதிப்போட்டார். அதைக் கவனிக்க ஓர் அலுவலர் வந்தார். அவர் கவனிப்பதைக் கவனிக்க இன்னொருவர் வந்தார். வெள்ளையம்மாள் சேர்ந்தபோது வாரியத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அதில் நாற்பத்தோரு பேர் தண்ணீர் கொடுத்தார்கள். மற்றவர்கள் அந்த நாற்பத்தோரு பேரும் பார்ப்பதற்கு எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள்.

வெள்ளையம்மாளுக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம். கணவன் சகாதேவன் குத்தகை நிலத்தில் வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்தான். போன வருடம் கடலை உடைக்கும் மிஷினில் வலது பாதம் சிக்கிக்கொண்டது. அதன்பிறகு நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இந்த வேலையோடு ஆதி அண்ணாமலையில், வாரிய அலுவலகத்துக்குப் பின்னால், ஓர் அறை வீடும் கிடைத்தது. மூன்று பௌர்ணமி ஆய்வில் தேறினால் வேலை நிரந்தரம். ஒன்றில் தவறினாலும் அன்று மாலைக்குள் அறையைக் காலி செய்துவிட வேண்டும். அவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை. அதை இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தலைமை ஒழுங்கு அலுவலர் மூர்த்தி வரவேற்புரை ஆற்றினார். மெல்லிய குரல் அவருக்கு. யாரையும் கடிந்து பேசி யாரும் கேட்டதில்லை.

"அங்கியின் ஓரம் கணுக்காலுக்கு மேல் நான்கு விரல் உயரத்தில் நிற்க வேண்டும். யாருடைய விரல் என்று சந்தேகம் வரக் கூடாது என்பதற்காக என் விரல்களை வைத்து அளவுகோல் செய்திருக்கிறோம். இது முதல் விதி. அங்கி வாரியத்தின் சொத்து. அதன்மேல் ஊசியோ நூலோ கத்தரியோ படக் கூடாது. துளை என்பது சேதம். இது இரண்டாம் விதி. தரையைத் தொடும் உடை மலைக்கு அவமரியாதை. தைத்த உடை வாரியத்துக்கு அவமரியாதை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அந்த வழியைச் சொல்லித் தருவது எங்கள் வேலை அல்ல. அதைக் கண்டுபிடிக்காதவர்களைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை."

பின் வரிசையில் ஒருவர் எழுந்தார். "அப்ப எப்படிதாங்க ஐயா மடிக்கிறது?"

மூர்த்தி அவரைப் பார்த்து அன்போடு சிரித்தார். "கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்லாமல் இருப்பது எங்கள் நடைமுறை."

எல்லோரும் கை தட்டினார்கள். கேட்டவரும் தட்டினார். மறுநாள் வரிசையில் அவர் நின்ற இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் சற்று நகர்ந்து நின்று அந்த இடைவெளியை மூடிக்கொண்டார்கள்.

மாசிப் பௌர்ணமிக்கு வெள்ளையம்மாள் சோற்றுக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சினாள். ஓரத்தை மடித்து, உள்ளே கஞ்சியைத் தடவி, அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வைத்தாள். காய்ந்ததும் ஓரம் தகடு மாதிரி நின்றது.

"பட்டினி கிடந்தா இதையே பிச்சித் தின்னலாம் போலக்குது," என்றான் சகாதேவன்.

"உங்களுக்கு எப்பவும் விளையாட்டுதான். நாலு விரல் வருதா பாருங்க."

அவன் தன் விரலை வைத்துப் பார்த்தான். "என் விரலுக்கு வருது. அந்த ஆளு விரல் எப்படியோ."

சாயங்காலம் நான்கு மணிக்கு ஆய்வு. ஆய்வுக் குழுவோடு வந்த ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் ஓடியது. எழில் என்ற அளவையாளர் பெண் குனிந்து கோலை வைத்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். நிமிர்ந்து வெள்ளையம்மாளின் முகத்தைப் பார்க்காமலேயே, "நான்கு விரல்," என்றாள். பேரேட்டில் குறித்தார்கள்.

அரை மணி நேரம் கழித்து ஒரு பசு வந்தது. பாதையில் பசுக்களுக்குக் குறைவில்லை. அது நேராக வந்து அங்கியின் ஓரத்தை நக்கத் தொடங்கியது. விரட்டினால் போகவில்லை. சுற்றியிருந்த பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சிலர் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். மிச்ச நேரமெல்லாம் வெள்ளையம்மாள் இடது கையால் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் தண்ணீர் ஊற்றினாள்.

அடுத்த அறையில் அருணாதேவி என்றொரு பெண் இருந்தாள். நான்கு வருடமாக நிரந்தரப் பணியாளர். கெட்டிக்காரி. கருவேல முள்ளை எடுத்து, தலையில் உதிர்ந்த முடியைக் கோத்து ஓரத்தைத் தைத்துவிட்டாள். "முள்ளு ஊசி இல்ல. முடி நூல் இல்ல. விதியில எங்க இருக்குது சொல்லச் சொல்லு," என்று வெள்ளையம்மாளிடம் சிரித்தாள்.

வாரியம் இதை மூன்று நாள் விசாரித்தது. முடி நூலா என்பதற்கு ஒரு குழு, முள் ஊசியா என்பதற்கு ஒரு குழு. முடி நூல் அல்ல என்று முதல் குழு சொன்னது. முள் ஊசி அல்ல என்று இரண்டாம் குழு சொன்னது. அருணாதேவி குற்றமற்றவள் என்று மூர்த்தியே வாசித்து, அவளை வாழ்த்தினார். பிறகு மூன்றாவது தாளை எடுத்து, துளை துளைதான் என்று வாசித்தார். தீர்ப்புக்கு ஒரு பணியாளர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுத்தரின் கைதான் அருகில் இருந்தது. அவர் போட்டார்.

அன்று மாலை அடுப்பும் பாத்திரங்களும் தெருவில் இருந்தன. கதவில் புதுப் பூட்டு. மற்ற அறைகளின் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. வெள்ளையம்மாள் வெளியே வந்தாள். மூட்டையைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"நீ எதுக்குடி வர்ற? உள்ள போ. பாத்துனு இருப்பாங்க," என்றாள் அருணாதேவி.

"பாக்கட்டும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரெண்டு மூட்டையை ஒரு ஆளு எப்படித் தூக்குவ?"

வழியில் டீ வாங்கிக் கொடுத்தாள். பஸ் கிளம்பும்போது அருணாதேவி ஜன்னலில் தலையை நீட்டி, "என் அங்கி எந்தக் கழுத்துக்குப் போவுதுன்னு பாத்துச் சொல்லு," என்றாள்.

வெள்ளையம்மாள் ஏன் போனாள் என்று வாரியத்தில் யாரும் கேட்கவில்லை. குறித்துக்கொண்டார்கள்.

பங்குனியில் வெயில் ஏறியது. செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில், குமரேசன் என்பவன் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறான். வெளிநாட்டுக்காரர்களின் கதர் ஜிப்பாக்கள்தான் அவனுக்குப் பிழைப்பு. வெள்ளையம்மாள் விஷயத்தைச் சொன்னதும் வண்டிக்கு அடியிலிருந்து ஒரு சின்னச் சுருளை எடுத்தான்.

"ஒரு வெள்ளக்காரம்மா ஊருக்குப் போகும்போது குடுத்துட்டுப் போச்சுக்கா. ஒட்டு நாடா. மடிப்புக்கு நடுவுல வெச்சு பெட்டியை அழுத்தினா துணியும் துணியும் ஒட்டிக்கும். ஊசி வேணாம், ஒண்ணும் வேணாம்."

"எவ்ளோ நாளு நிக்கும் தம்பி?"

"அந்தம்மா ஊர்ல வருஷக்கணக்கா நிக்குமாம். நம்ம ஊரு வெயிலைப் பத்தி நான் சொல்ல முடியாதுக்கா."

காசு வாங்க மாட்டேன் என்றான். திரும்பி வரும்போது அண்ணாமலையாருக்கு ஒரு கற்பூரம் ஏத்திடு, போதும் என்றான். அவள் ஏற்றினாள்.

இந்த முறை ஆய்வில் புதிதாகத் துளை ஆய்வர்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள். ஒருவர் ஓரத்தைச் சூரியனுக்கு நேரே பிடித்தார். ஒருவர் பூதக்கண்ணாடியால் பார்த்தார். மூன்றாமவர் அவர்கள் இருவரையும் பார்த்தார். துளை இல்லை. எழில் கோலை வைத்து, "நான்கு விரல்," என்றாள். வெள்ளையம்மாள் தேறிவிட்டாள். அவர்கள் அடுத்த பந்தலுக்குப் போனதும், வெயிலில் பசை இளகி, ஓரம் அங்குலம் அங்குலமாக விட்டுக்கொண்டே வந்தது. அந்தச் சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது.

எழில் எதையோ மறந்துவிட்டவள் போலத் திரும்பி வந்தாள். தொங்கிக்கொண்டிருந்த ஓரத்தைப் பார்த்தாள். அவள் உதடு வெடித்திருந்தது. பணி நேரத்தில் அளவையாளர்கள் தண்ணீர் குடித்தால் நிமிர்வு கெடும் என்று ஒரு விதி உண்டு. வெள்ளையம்மாள் ஒன்றும் பேசாமல் பானைக்குப் பின்னால் அவளை உட்கார வைத்து, ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள்.

குடித்து முடித்ததும் எழில் சொன்னாள். "அக்கா, நான் உங்களை அளக்கிறவ. என்கிட்ட நல்லா பேசாதீங்க. அப்புறம் எனக்குக் கஷ்டம்."

"நான் எங்கம்மா பேசினேன்?"

எழில் காலிச் செம்பைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

சித்திரைப் பௌர்ணமிக்குக் கூட்டம் எப்படி வரும் என்று ஊருக்குத் தெரியும். வாரியத்துக்கும் தெரிந்திருந்தது. அதனால் அளவையாளர்களை இரண்டு மடங்காக்கினார்கள். அதற்கு ஆள் வேண்டியிருந்ததால் தண்ணீர் கொடுப்பவர்களிலிருந்து பதினைந்து பேரை எடுத்துக்கொண்டார்கள்.

குமரேசனிடம் மிச்சமிருந்த நாடாவை வைத்துத்தான் வெள்ளையம்மாள் அன்று ஓரத்தை ஒட்டியிருந்தாள். மூன்றரை மணிக்குப் பந்தல் முன்னால் ஒரு ஆள் சரிந்து விழுந்தார். ஐம்பது வயது இருக்கும். குடும்பத்தோடு நடந்து வந்தவர். மனைவி என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். வெள்ளையம்மாள் மண்டியிட்டு, அவர் தலையை மடியில் எடுத்து வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்தாள். நனைந்த ஓரம் பிரிந்தது. அவர் கண் திறந்து, "எங்க இருக்கேன்?" என்று கேட்டபோது, நாதஸ்வரம் நெருங்கி வந்துவிட்டது.

எழுந்து நின்றாள். ஒரு சாண் துணி சேற்றில் கிடந்தது. எதிரே மூர்த்தி. அவருக்குக் குடை பிடிக்க ஒருவர். பின்னால் பேரேடு.

"அளவு," என்றார் மூர்த்தி.

எழில் முழங்காலிட்டாள். தார்ச்சாலை கொதித்தது. அவள் கோலைத் தரையில் ஊன்றினாள். ஊன்றிய கையின் மறைவில், மற்ற கையின் விரல்களால் துணியை உள்பக்கமாக மடித்துத் தூக்கிப் பிடித்தாள்.

"நான்கு விரல், ஐயா."

பேரேட்டில் குறித்தார்கள். எழில் கையை எடுக்கலாம் என்றிருந்த நேரத்தில், மூர்த்திக்குப் பேச வேண்டும் என்று தோன்றிவிட்டது. தோற்றம் என்பது பக்தியின் தோல் என்று தொடங்கினார். தாகம் உடலுக்கு வருவது, ஒழுங்கு ஊருக்கு வருவது என்றார். தண்ணீர் குடித்தவன் மறுபடி தாகம் கொள்வான், ஆனால் நல்ல வரிசையைப் பார்த்தவன் அதை மறக்க மாட்டான் என்றார். முக்கால் மணி நேரம் பேசினார். அவ்வளவு நேரமும் எழில் முழங்காலைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை. வெள்ளையம்மாள் தன் காலருகே அந்த விரல்கள் நடுங்குவதை உணர்ந்தாள். குனிந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பேசி முடித்துவிட்டு மூர்த்தி கீழே பார்த்தார். விரல்களைக் கண்டார்.

நாதஸ்வரத்தை நிறுத்தச் சொன்னார். சுற்றிலும் அத்தனை ஆயிரம் பேர் நடந்துகொண்டிருந்தும், அந்த இடத்தில் மட்டும் சத்தம் செத்துவிட்டது போலிருந்தது. வெள்ளையம்மாள் அறைக்குள் இருக்கும் அடுப்பை நினைத்தாள். சகாதேவனால் மூட்டை தூக்க முடியாது என்று நினைத்தாள்.

"ஐயா, இந்தப் பொண்ணு மேல தப்பு இல்லைங்க," என்று ஆரம்பித்தாள்.

மூர்த்தி விரலை உதட்டில் வைத்தார். குனிந்து, எழிலின் கையை நெருங்கிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"ஊசி இல்லை," என்றார். "நூல் இல்லை. பசை இல்லை. துளை இல்லை." நிமிர்ந்தார். "இத்தனை வருடமாக நாம் தேடிய வழி இதுதான். கையை எடுக்காதே அம்மா. சுற்றறிக்கை தயாராகும் வரைக்கும் அப்படியே இரு."

சுற்றறிக்கை தயாராக இரண்டு மணி நேரம் ஆனது.

அதன்படி ஒவ்வொரு பணியாளரின் ஓரத்தையும், அவருக்குப் பின்னால் நிற்கும் பணியாளர் இரண்டு கையாலும் மடித்துப் பிடித்திருக்க வேண்டும். பிடித்திருப்பவரின் ஓரத்தை அவருக்குப் பின்னால் நிற்பவர் பிடிக்க வேண்டும். பௌர்ணமி முடியும்வரை எவரும், எதற்காகவும், கையை விடக் கூடாது. அப்படியானால் கடைசி ஆளின் ஓரத்தை யார் பிடிப்பது என்று ஒரு கேள்வி எழுந்தது. மலையைச் சுற்றி வட்டமாக நின்றால் கடைசி ஆள் என்று ஒருவரும் இல்லை என்று மூர்த்தி விடை கண்டார். இதற்காக அவருக்குச் சால்வை போர்த்தினார்கள்.

பதினான்கு கிலோமீட்டரை நிரப்ப ஏழாயிரம் பேர் தேவைப்பட்டார்கள். ஏழாயிரம் பேரையும் எடுத்தார்கள். ஏழாயிரம் அங்கிகளும் ஒரே நீளம்.

வெள்ளையம்மாளின் நிரந்தர ஆணை அன்றே கையெழுத்தாகிவிட்டது. வைகாசிப் பௌர்ணமி நண்பகல் பன்னிரண்டு மணியிலிருந்து அமலுக்கு வரும். மாலை ஆறு மணிக்குக் கையில் கிடைக்கும் என்றார்கள்.

வைகாசிப் பௌர்ணமி அன்று காலையில் சகாதேவன் கோலை ஊன்றிக்கொண்டு கதவு வரை வந்தான்.

"ஆறு மணி வரைக்கும் எதையும் பாக்காத வெள்ளை. யாரு விழுந்தாலும் பாக்காத. அந்தக் காயிதம் கைக்கு வந்துடட்டும்."

"சரிங்க," என்றாள். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனாள்.

அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மலையைச் சுற்றி ஏழாயிரம் பேர் குனிந்து, முன்னால் இருப்பவரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அளவையாளர்களும், துளை ஆய்வர்களும், எழுத்தரும், குடை பிடிப்பவரும்கூட வட்டத்தில் இருந்தார்கள். யாரும் பேசவில்லை. முதுகுகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. இது ஏதோ புது வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்து, வெளியூர் பக்தர்கள் சிலர் அவர்களைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பந்தல்களில் பானைகள் நிறைந்திருந்தன. ஊற்றுவதற்குக் கை இல்லை. செம்பு வாரியத்தின் சொத்து; பணியாளர் மட்டுமே தொடலாம் என்று பலகை வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே, 'பக்தர்களின் கண்ணில் படும்படி தண்ணீர் வைக்கப்பட்டுள்ளது' என்றும் எழுதியிருந்தது.

வெள்ளையம்மாள் எழிலின் ஓரத்தைப் பிடித்திருந்தாள். வெள்ளையம்மாளின் ஓரத்தைப் பூஜா என்ற புதிய பெண் பிடித்திருந்தாள். வேலைக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. பகல் இரண்டு மணிக்கு ஒரு தாய், ஐந்து வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பந்தல் முன்னால் வந்து நின்றாள். குழந்தையின் தலை தோளில் தொங்கியது.

"அம்மா, பாப்பாவுக்கு ஒரு வாய் தண்ணி. மூணு பந்தலா கேட்டுனு வரேன். யாரும் நிமிர்ந்துகூட பாக்க மாட்டேன்றாங்க."

வெள்ளையம்மாள் தரையைப் பார்த்தாள். தரையில் குழந்தையின் கால் நிழல் ஆடாமல் இருந்தது. மணி இரண்டு. ஆறுக்கு நான்கு மணி நேரம்தான் இருந்தது. மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள். பதினொன்று வரை எண்ணினாள்.

"எழிலு," என்று மெதுவாகக் கூப்பிட்டாள். "நான் கையை எடுத்தா உன் ஓரம் கீழ விழும்."

எழில் திரும்பவில்லை. "விழட்டும்க்கா. போங்க."

வெள்ளையம்மாள் கையை விட்டாள். எழிலின் அங்கி தரையில் சரிந்தது. பானையிடம் அவள் நடந்தபோது அவளுடைய அங்கியும் பூஜாவின் கையிலிருந்து நழுவித் தரையில் இழுபட்டது. வாரியத்தில் சேர்ந்த பிறகு அவள் அதைத் தூக்கிப் பிடிக்காமல் நடந்தது அன்றுதான்.

குழந்தையின் வாயில் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். நாலாவது மடக்கில் அது கண்ணைத் திறந்தது. இன்னும் வேணும் என்றது. அதைப் பார்த்துவிட்டு நடந்துகொண்டிருந்தவர்கள் கையை ஏந்திக்கொண்டு வந்து நின்றார்கள்.

கம்பத்தில் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. மூர்த்தியின் குரல். கோபமே இல்லாத குரல்.

"ஆதி அண்ணாமலைப் பந்தலில் ஓரம் கலைந்திருப்பது கேமராவில் தெரிகிறது. ஆள் அனுப்பப்படுகிறது. யாரும் நகர வேண்டாம்."

பூஜாவுக்கு முன்னால் இப்போது யாரும் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு ஓரடி முன்னே வந்து, தரையில் கிடந்த எழிலின் ஓரத்தை எடுத்து, நான்கு விரல் உயரத்தில் மடித்துப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர்களும் ஒவ்வொருவராக ஓரடி முன்னே வந்தார்கள். வட்டம் மூடிக்கொண்டது. அந்தப் பதினான்கு கிலோமீட்டரில் வெள்ளையம்மாள் ஒருத்திதான் அதற்கு வெளியே இருந்தாள்.

அனுப்ப ஆள் இல்லை. எல்லோரும் வட்டத்தில் இருந்தார்கள். அதனால் மூர்த்தி தானே புறப்பட்டார். அலுவலகத்திலிருந்து அந்தப் பந்தல் இருநூறு அடி தூரம்தான். ஆனால் அது பின்பக்கம் இருந்தது. பாதையில் எவரும் எதிர்த்திசையில் ஓரடியும் வைக்கக் கூடாது என்பது அவரே போட்ட விதி. பௌர்ணமியில் வண்டி கூடாது என்பதும், செருப்பு கூடாது என்பதும் அவருடையவைதான். எனவே அவர் முன்பக்கமாக நடந்து, மலையை முழுதாகச் சுற்றிக்கொண்டு, நான்கு மணி நேரம் கழித்து ஆறு மணிக்கு வந்து சேர்ந்தார்.

வழியில் எந்தப் பந்தலிலும் அவருக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. எந்தக் கையும் சும்மா இல்லை. தன் விதியை மீறிச் செம்பைத் தொடவும் அவருக்கு மனம் வரவில்லை. பாதம் கொப்பளித்திருந்தது. வாயைத் திறந்தார், குரல் வரவில்லை.

"முதல்ல தண்ணி குடிங்க ஐயா," என்றாள் வெள்ளையம்மாள்.

அவர் கையில் இருந்த இரண்டு காகிதங்களையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, குனிந்து கை ஏந்தினார். மூன்று செம்பு குடித்தார். நாலாவதைத் தலையில் ஊற்றச் சொன்னார். ஊற்றினாள். தோளில் கிடந்த சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"உங்கள் பணி இன்று நண்பகல் முதல் நிரந்தரம்," என்று முதல் காகிதத்தை நீட்டினார். "வாழ்த்துகள். நிரந்தரப் பணியாளர் ஒருவரை நீக்க வேண்டுமானால், முதலில் அவர் நிரந்தரம் என்ற ஆணை அவர் கையில் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்துவிட்டது." இரண்டாவது காகிதத்தைப் பிரித்தார். "பகல் இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு ஓரத்தைக் கைவிட்ட காரணத்தால், நீங்கள் நீக்கப்படுகிறீர்கள். இது என் சொந்த விருப்பம் அல்ல. தண்ணீர் நன்றாக இருந்தது. அதையும் குறித்துக்கொள்கிறேன்."

வெள்ளையம்மாள் வரிசையில் அடுத்து நின்றவருக்கு ஊற்றினாள்.

நீக்க ஆணையின் அடியில் ஒரு பணியாளர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆணை யாருக்கோ அவரே சாட்சியாக முடியாது. மூர்த்தி பேனாவை எடுத்துக்கொண்டு எழிலிடம் போனார்.

"இங்கே ஒரு கையெழுத்து."

எழில் குனிந்தபடியே சொன்னாள். "கை காலி இல்லைங்க ஐயா. சுற்றறிக்கை."

மூர்த்தி யோசித்தார். அவள் சொன்னது சரிதான். நின்ற இடத்திலிருந்தே பூஜாவிடம் பேனாவை நீட்டினார்.

பூஜாவும் அதையேதான் சொன்னாள். "கை காலி இல்லைங்க ஐயா."

பௌர்ணமி முடியும்வரை எவரும் எதற்காகவும் கையை விடக் கூடாது. எதற்காகவும் என்ற சொல்லை அவர்தான் சேர்த்திருந்தார். பௌர்ணமி முடிந்துவிட்டால் நீக்க ஆணையில் உள்ள தேதி செல்லாது. புதிதாக விசாரணை வைக்க வேண்டும். அதற்கு மூன்று குழு வேண்டும். அவர் முன்பக்கமாகத்தான் நடக்க முடியும். எழிலுக்கு முன்னால் இருந்தவரிடம் போனார். அடுத்தவரிடம் போனார். மேற்கே வெளிச்சம் மங்கி, மலைக்குப் பின்னால் நிலா எழத் தொடங்கியிருந்தது.

"கை காலி இல்லைங்க ஐயா" என்ற குரல், ஒவ்வொரு முதுகிலிருந்தும் ஒவ்வொன்றாக, வாயு லிங்கம் பக்கமாகத் தள்ளித் தள்ளிக் கேட்டது. சில குரல்களில் பயம் இருந்தது. ஒன்றிரண்டில் இன்னும் ஏதோ இருந்தது. அதை என்னவென்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஏழாயிரம் பேரில் பெரும்பாலோருக்கு வெள்ளையம்மாள் யார் என்றே தெரியாது. ஆணையைப் படிக்கச் சொல்லிக் கேட்டவர்களும் இல்லை.

நான் இறைவனை நம்புகிறவன். மனிதர்களையும் நம்புகிறவன். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அந்தக் கையெழுத்துக்குப் பதினான்கு கிலோமீட்டரில் ஒரே ஒரு கை போதும்.

சகாதேவன் கோலை ஊன்றிக்கொண்டு பந்தலுக்கு வந்து சேர்ந்தபோது, அவள் பானைகளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காகிதத்தை அவனிடம் கொடுத்தாள். அவன் எழுத்துக் கூட்டி வாசித்தான். அவன் முகம் மலர்ந்தது.

"வந்துடுச்சே. அப்புறம் ஏன் இப்படி நிக்கிற?"

அவள் மற்றதையும் சொன்னாள். அவன் நிலவொளியில் நீண்டு போகும் முதுகுகளின் வரிசையைப் பார்த்தான். குரல்கள் இப்போது கேட்கவில்லை.

"சரி, இப்ப இன்னா பண்றது?"

"நாலு மணி நேரத்துல சுத்தினு வந்துடுவாரு," என்றாள் வெள்ளையம்மாள். "கால்ல கொப்பளம் வேற. அந்தக் கடைசிப் பானையில இருக்கறதை யாருக்கும் ஊத்தாதீங்க. அவருக்கு வேணும்."

செம்பை எடுத்துக்கொண்டு, ஏந்தியிருந்த அடுத்த கைகளை நோக்கிக் குனிந்தாள்.